பீட்ரூட் சூப்பில் விழுந்த இரண்டு கரண்டி

மாரெக் சார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் அண்ணாந்து நின்றிருந்தார். கையில் செல்போன்கூட இல்லை. ஒரு பக்கம் பார்த்தால் தொழிற்பேட்டைப் புகை. இன்னொரு பக்கம் பார்த்தால் ஸ்டேஷன் விளக்கு. நடுவில் இருந்த கொஞ்சம் வானத்தில் முதல் நட்சத்திரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அது கண்ணில் பட்டால்தான் அன்றைக்குச் சாப்பாடு.

நான் மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் காலையிலிருந்து தண்ணீரும் ஒரு டம்ளர் பாலும்தான். ஆனாலும் என் கவலை பசி இல்லை. அவருடைய அடுப்பில் செக்கச் செவேல் என்று ஒரு பானை சூப் இருந்தது. அதற்குள் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

"நட்சத்திரம் வந்துடப் போவுது, சரசு. இன்னா பண்ணப் போற?" என்று பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

முருகா, அந்த நட்சத்திரம் இன்னும் கொஞ்ச நேரம் வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி ஒரு வேண்டுதலை அதற்கு முன்பும் வேண்டியதில்லை, பின்பும் வேண்டியதில்லை.

மேல்வீட்டுக்காரர்

திருநின்றவூரிலிருந்து ஒரு வாசகி, "எப்பவும் கோயில், விரதம்னே எழுதறீங்களே, சமையல் பத்தி எழுத மாட்டீங்களா?" என்று கேட்டிருந்தார். இந்த வாரம் இரண்டும் ஒன்றாகவே வருகிறது, அம்மா.

அப்போது கும்மிடிப்பூண்டியில் நாங்கள் கீழ்வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் போர்க்லிப்ட் ஓட்டினார். அதே கம்பெனி மேல்வீட்டை எடுத்து வைத்திருந்தது. புது மெஷின் பூட்ட வெளிநாட்டிலிருந்து யாராவது வந்தால் அங்கே தங்குவார்கள். காலை நாஷ்டாவும் ராத்திரிச் சாப்பாடும் என் பொறுப்பு.

ஐப்பசி மழையில் வந்து இறங்கினவர் மாரெக் சார். போலந்து தேசம். ஐம்பதைத் தாண்டிய வயசு. முதல் நாளே வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, நிலையைப் பார்த்து "சாரி" என்றார். அந்த மனுஷனை எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

நான் எட்டாவதோடு நின்றவள். அவர் பேசுகிற இங்கிலீஷ் எனக்கு ஏறாது. பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த என் மகள் தேவிதான் எங்கள் இருவருக்கும் நடுவில் நாக்கு. அவர் தமிழில் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை "அக்கா". இரண்டாவது "போதும்". இந்த இரண்டாவதுதான் இந்தக் கதைக்கே காரணம்.

எலியைத் தேடிய மூன்று நாள்

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே சமைப்பார். ஒரு தடவை மேலிருந்து இறங்கி வந்து, என் அம்மிக் குழவியைக் காட்டி, வேண்டும் என்று சைகை செய்தார். எதற்கு என்று கேட்காமல் கொடுத்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் வீடெல்லாம் ஒரு நாற்றம்.

"இன்னாமே, எங்கியோ எலி செத்துக்கீது" என்று என் வீட்டுக்காரர் பரணில் ஏறினார். பீரோவை நகர்த்தினார். மோட்டார் ரூமில் டார்ச் அடித்துப் பார்த்தார். மூன்று நாள் இதே வேலை. ஜமீலா அக்கா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "சரசு, உன் ஊட்டு டேங்க் ரொம்பிடிச்சா?" என்று கேட்டாள்.

நான்காம் நாள் தேவி மேலே போய்ப் பார்த்துவிட்டு, சிரிக்க முடியாமல் சிரித்துக்கொண்டு வந்தாள். "எலியும் இல்ல, டேங்க்கும் இல்ல. சார் ரூம்ல ஒரு பக்கெட் கோஸ். உப்பு போட்டு ஊற வச்சிருக்காரு. அது மேல அழுத்திக்கினு இருக்கறது நம்ம குழவி!"

அந்தப் புளித்த கோஸை வேகவைத்து ஒரு கிண்ணம் கீழே அனுப்பினார். பின்னாலேயே அவரும் வந்து நின்றுகொண்டார். ஒரு வாய் போட்டேன். காது வரைக்கும் புளித்தது.

"சூப்பர் சார்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. அவர் படியேறின பிறகு ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டேன். நான் சொன்ன ஒரு வார்த்தையால் அடுத்த ஞாயிறு இரண்டு கிண்ணம் வந்தது.

கூழும் கொழுக்கட்டையும்

எல்லாம் அப்படி இல்லை. அவர்கள் ஊரில் ஒரு புளிப்பு சூப் உண்டு. அதற்கென்று ஒரு தானியத்து மாவை நாலைந்து நாள் தண்ணீரில் புளிக்க வைக்க வேண்டும். கொண்டுவந்த மாவு தீர்ந்துபோனதும், இங்கே என்ன மாவு கிடைக்கும் என்று கேட்டார். கேழ்வரகு மாவு கொடுத்தேன். நம்ம ஊர் வெயிலில் மறுநாளே புளித்துப் பொங்கிவிட்டது. காய்ச்சிக் கொண்டுவந்தார்.

என் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டுத் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அடியே, இது ஆடி மாசத்துக் கூழு!"

அவர்கள் அதில் வேகவைத்த முட்டையும், குழாய் மாதிரி குடலுக்குள் அடைத்த கறியும் வெட்டிப் போடுவார்களாம். நாம் கூழுக்குக் கருவாட்டுக் குழம்பைத் தொட்டுக்கொள்வது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். அத்தனை தூரத்தில், பனி கொட்டுகிற ஊரிலும், கூழ் ஊற்றுகிற ஒரு அம்மா இருந்திருக்கிறாள். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சந்தோஷம்.

அப்புறம் கொழுக்கட்டை. அதற்கு அவர் ஒரு பெயர் சொன்னார், என் வாயில் நுழையவில்லை. மைதாவைத் தட்டி, உள்ளே உருளைக்கிழங்கும் பனீரும் வைத்து, சோமாஸ் மாதிரி மடித்துத் தண்ணீரில் வேகவைப்பார். மேலே வெண்ணெயில் வதக்கிய வெங்காயம். உருவம் அழகோ அழகு. ருசி? பச்சை மிளகாய் இல்லை, இஞ்சி இல்லை, கொத்தமல்லி இல்லை. சிவனே என்று கிடந்தது.

அதற்கும் "சூப்பர் சார்"தான் சொன்னேன். தேவி என்னை முறைத்தாள். "ஏம்மா பொய் சொல்ற?"

"பொய் இல்லடி. மரியாதை."

ஒருவர் வேணாம் என்றால்

மரியாதை என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் விருந்தாளி முதல் தடவை "வேணாம்" என்றால் அது கூச்சம். இரண்டாம் தடவை சொன்னால் அது பழக்கம். மூன்றாம் தடவை இரண்டு கையையும் இலைமேல் வைத்து மறைத்தால், விரலுக்கு நடுவில் எங்கே இடம் இருக்கிறது என்று பார்த்து ஊற்ற வேண்டும். நான் அப்படித்தான் வளர்ந்தேன். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவளை எங்கள் வீட்டில் பறக்காவெட்டி என்பார்கள்.

மாரெக் சார் இரண்டு தோசையில் "போதும் அக்கா" என்பார். நான் மூன்றாவதை வைப்பேன். சாப்பிட்டுவிடுவார். நாலாவதை வைப்பேன். பெருமூச்சு விட்டு அதையும் சாப்பிடுவார். பார்த்தாயா, பாவம், பசியை வைத்துக்கொண்டே கூச்சப்பட்டிருக்கிறார் என்று நான் என்னையே மெச்சிக்கொள்வேன்.

ஐந்தாவது செவ்வாய்

அந்த மாதங்களில்தான் சொந்த வீடு வேண்டி சிறுவாபுரி முருகனுக்கு ஆறு செவ்வாய் நேர்ந்துகொண்டிருந்தேன். செவ்வாய் விடியற்காலை பஸ் பிடித்துப் போய் கும்பிட்டுவிட்டு வந்தால், சாயங்காலம் விளக்கு ஏற்றின பிறகுதான் சோறு. ஆறு வாரமும் என் அடுப்பில் மீன், கறி கிடையாது. தேவி இதை மாரெக் சாருக்குச் சொல்லியிருந்தாள். அவர் செவ்வாய்க்கிழமையானால் என் வாசலில் செருப்போடு நிற்கக்கூட மாட்டார்.

ஐந்தாவது செவ்வாய் கிறிஸ்துமஸுக்கு முதல் நாளாக அமைந்தது. திங்கட்கிழமை கீழே வந்து, தேவி மூலமாகச் சொன்னார். நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் மேலே சாப்பிட வர வேண்டும். ஜமீலா அக்காவும் வர வேண்டும். மீன் இருக்கும். கறி வேண்டாம், கறி இருக்கவே கூடாது.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் உச்சுக் கொட்டினார். "பாத்தியா? உன் விரதத்துக்காக அந்த மனுஷன் பண்டிகை நாள்ல கறியே வேணான்றாரு."

"இன்னா நல்ல மனசு!" என்றாள் ஜமீலா அக்கா. அவள் பழவேற்காட்டில் பிறந்தவள், மீன் அவள் பொறுப்பு. மாரெக் சார் கெண்டை கேட்டதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம். "நான் இருக்கும்போது கொளத்து மீனா? மடவையும் ஒரு கிலோ எடுத்தாரேன். ஆனா சரசு, கிறிஸ்மஸுக்குக் கறி இல்லாம எப்படி? எங்க தெரு டீச்சரம்மா ஊட்ல பிரியாணி வாசனை ஸ்டேஷன் வரிக்கும் வருமே."

"அவரு வேணாம்னா வேணாம்தான்" என்றாள் தேவி.

"நீ சும்மா இருடி. பெரியவங்க கூச்சம் உனக்குத் தெரியாது" என்றேன்.

அவர் பண்டிகை கறி ருசி இல்லாமல் போகக் கூடாது என்று நாங்கள் ஒரு ஏற்பாடு செய்தோம்; அந்த சூப்பை நான் தொடுவதாக இல்லை. அவர் ஒரு வாரமாக இரண்டு ஊறுகாய் ஜாடியில் பீட்ரூட்டைப் பூண்டோடு உப்புத் தண்ணீரில் புளிக்கப் போட்டிருந்தார். செவ்வாய்க்கிழமை காலை ஒரு ஜாடியை ஊற்றி சூப் வைத்து, சாயங்காலம் சுடவைத்தால் போதும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். மூன்று மணிக்கு ஜமீலா அக்கா தன் வீட்டு ஆட்டு நெஞ்செலும்பு சூப்பைத் தூக்குவாளியில் கொண்டுவந்து, அந்தப் பானையில் ஒரு கரண்டி ஊற்றினாள்.

நான் விரதக்காரி. அதனால் சமையலறைக்கு வெளியே, நிலைக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். "இன்னொரு கரண்டி ஊத்துக்கா" என்று சொன்னது நான்தான். என் கை படாமல், என் வாய்ச் சொல்லால் நடந்தது.

தேவியின் முகம்

நாலரை மணிக்கு மாரெக் சார் வந்தார். கொஞ்சம் வைக்கோல் வேண்டும் என்றார். தெருக்கோடியில் மாடு வைத்திருப்பவர் வீட்டில் தேவி ஒரு பிடி வாங்கிவந்தாள். அதை மேஜைமேல் பரப்பி, அதன்மேல் வெள்ளைத் துணி விரித்தார். குழந்தை ஏசு மாட்டுக் கொட்டகையில் பிறந்தார் அல்லவா, அதற்காக. எனக்குக் கும்பிடத் தோன்றியது.

துணியை நீவிவிட்டபடியே ஏதோ பேசினார். தேவி சந்தோஷமாகத்தான் சொல்ல ஆரம்பித்தாள். "அம்மா, சாரும் இன்னைக்கு விரதமாம். காலைல ஒரு துண்டு ரொட்டி சாப்பிட்டதோட சரியாம். அவங்க வழக்கத்துல இன்னைக்கு நட்சத்திரம் பாத்துட்டுத்தான் சாப்பிடுவாங்களாம். சின்ன வயசுலேர்ந்து இந்த ஒரு நாள் மட்டும் கறி ஒரு சொட்டுக்கூட..."

அங்கே நின்றுபோனாள். பானையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். தேவி மெதுவாக முடித்தாள். "அவங்க அம்மா பழக்கினதாம். அவங்க இந்த வருஷம்தான் தவறிட்டாங்களாம். அவங்க இல்லாத மொத நோன்பாம், சரியா இருக்கணும்னு சொல்றாரு."

பிறகு அவர் நட்சத்திரம் பார்க்க மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

"சொல்லாத"

"ஐயோ அல்லா, நோன்பாளி வாயில எலும்புத் தண்ணி ஊத்தப் பாத்தேனே" என்று ஜமீலா அக்கா தலையில் கைவைத்தாள். "வருஷா வருஷம் நோன்பு வெக்கிறவ நானே இத்த செஞ்சேனே!"

"யாரும் சத்தம் போடாதீங்க" என்றார் என் வீட்டுக்காரர். "தெரியாம சாப்ட்டா தோஷம் இல்ல. சொன்னாத்தான் அவருக்கு மனசு கஷ்டம். பண்டிகை நாளு. பேசாம உடு."

"பானைய கவுத்துடலாம், கை தவறிடுச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றாள் தேவி.

அதுவும் ஒரு வழிதான். எனக்கு ஆசையாகக்கூட இருந்தது. ஆனால் மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். என் ஐந்தாவது செவ்வாயில் யாரோ அன்பு மிகுதியால் என் சோற்றில் ஒரு எலும்பைப் போட்டுவிட்டு, "தெரியாமல் சாப்பிட்டால் தோஷம் இல்லை" என்று பேசாமல் இருந்தால்? என் விரதம் எனக்கும் முருகனுக்கும் நடுவில் உள்ளது. அதில் கைவைத்துவிட்டு எனக்கே தெரியாமல் மூடி வைக்க இன்னொருவருக்கு என்ன உரிமை?

"ஸ்டார்! அக்கா, ஸ்டார்!" என்று மேலிருந்து சத்தம் வந்தது.

என் வீட்டுக்காரர் கடைசி முயற்சியாக, "சார், அது செல்போன் டவர் லைட்டு" என்று கத்தினார். அது டவர் லைட் இல்லை. ஸ்டேஷன் பக்கம், நன்றாகவே ஒளிர்ந்தது.

அவர் அம்மாவின் கோஸ்

இறங்கி வந்தவர் ஒரு கவரைப் பிரித்து, வெள்ளையாக, காகிதம் போல மெல்லிய ஒரு அப்பளத்தை எடுத்தார். அவர் அக்கா தபாலில் அனுப்பியது. அதை ஒருவருக்கொருவர் ஒடித்துக் கொடுத்து, நன்றாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பாட்டைத் தொடுவார்களாம். முதலில் என்னிடம் நீட்டினார்.

நான் கையை நீட்டவில்லை.

"சார், அந்த சூப்புல ஆட்டெலும்பு சாறு இருக்குது. ரெண்டு கரண்டி. நான்தான் ஊத்தச் சொன்னேன். ஜமீலா அக்கா மேல தப்பு இல்ல" என்றேன். "சொல்லுடி" என்று தேவியை அதட்டினேன். அவள் சொன்னாள்.

அவர் நீட்டிய கையை மடக்கவில்லை. பானையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"ஏன் ஊத்துனீங்கன்னு கேக்கறாரு" என்றாள் தேவி.

"நீங்க கூச்சத்துல வேணாம்னு சொல்றீங்கன்னு நெனச்சுட்டேன்."

தேவி அதைச் சொன்னதும் அவர் புருவம் மேலே போனது. எதையோ கணக்குப் போடுகிறவர் மாதிரி நின்றார். பிறகு கேட்டார். தேவி வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "அப்போ அந்த மூணாவது தோசையும் அதுக்குத்தானான்னு கேக்கறாரு. ரெண்டு மாசமா அவரு போதும்னு சொன்னது நெஜமாவே போதும்தானாம். அவங்க ஊர்லயும் வற்புறுத்துவாங்களாம், ஆனா இப்படி இல்லியாம்."

சட்டையைத் தூக்கி பெல்ட்டைக் காட்டினார். கடைசி ஓட்டைக்கும் அப்பால் ஆணியால் புதிதாக ஒரு ஓட்டை போட்டிருந்தார். ஜமீலா அக்காவுக்கு முதலில் சிரிப்பு வெடித்தது. அப்புறம் அவருக்கே. நான் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றேன்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகப் பேசினார். தேவி ஒவ்வொரு வரியாகச் சொன்னாள்.

"ஒரு வருஷம் இதே நாள்ல அவங்க அம்மா ஏதோ ஞாபகத்துல கோஸ்ல பன்னிக் கொழுப்பு போட்டுட்டாங்களாம். எல்லாரும் சாப்பிட்டப்புறம்தான் அவங்களுக்கே தெரிஞ்சுதாம். ஊட்ல யார் கிட்டயும் சொல்லல. முப்பது வருஷம். சாவறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி இவரு கையைப் புடிச்சுகினு அதச் சொல்லி அழுதாங்களாம்."

அவர் அடுத்த வரியைச் சொல்லி முடித்ததும் தேவி என் பக்கம் திரும்பினாள்.

"எங்கம்மா முப்பது வருஷம் சுமந்தாங்க, அக்கா அதே நாள்ல எறக்கிட்டாங்கன்னு சொல்றாரு. அதுவும் அவரு ஒரு வாய் குடிக்கறதுக்கு முன்னாடியே."

அப்பளத்தை மறுபடி நீட்டினார். ஒடித்து வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டேன். ஒரு ருசியும் இல்லை. அதற்கு ருசி தேவையும் இல்லை.

உண்மையைச் சொல்லுங்க

இரண்டாவது ஜாடி இருந்தது நல்லதாகப் போயிற்று. அவரே புதுப் பானையில் அதை ஊற்றிச் சுடவைத்தார். பழைய பானையை ஜமீலா அக்கா தன் வீட்டுக்குத் தூக்கிப் போனாள். அவள் பிள்ளைகள் பரோட்டாவுக்கு ஊற்றிச் சாப்பிட்டு, "இன்னாம்மா, சால்னா சேப்பா கீது?" என்றார்களாம்.

நான் கீழே போய் விளக்கேற்றிவிட்டு வந்தேன். மீன் படாமல் எனக்குத் தனித் தட்டு வைத்திருந்தார். சூப், காளான் வைத்த குட்டிக் கொழுக்கட்டை, கோஸ். மாரெக் சார் என் எதிரில் உட்கார்ந்து சிரித்தார்.

"இனிமே மரியாதை வேணாமாம்" என்றாள் தேவி. "அவங்க சாப்பாடு எப்படின்னு நெஜத்தச் சொல்லணுமாம்."

சொன்னேன். கூழ் நம்ம வீட்டுக் கூழ்தான், குறையே இல்லை. கொழுக்கட்டைக்கு ரெண்டு பச்சை மிளகாய் நறுக்கிப் போட்டால் சொர்க்கம். இந்த சூப் நம்ம ரசத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி, மிளகு சீரகம் இல்லாததால் கல்யாணம் ஆகாமல் நிற்கிறாள். கோஸ் மட்டும் என்னால் ஆகாது, சாமி. எலி செத்துவிட்டது என்று மூன்று நாள் தேடிய கதையையும் அவர் கேட்டுக்கொண்டார். மேஜையில் அடித்துச் சிரித்தார்.

பிறகு அவர் முறை. சாம்பார் அவர் உயிராம். மீன் குழம்புக்காகவே மெஷின் இன்னும் கொஞ்ச நாள் ஓடாமல் இருக்கலாமாம். ஆனால் இட்லியில் ருசி எங்கே இருக்கிறது என்று இரண்டு மாதமாகத் தேடுகிறாராம். என் வீட்டுக்காரருக்கு இதில் மட்டும் கோபம். இட்லிக்காக அரை மணி நேரம் கைவீசி வாதாடினார். மாரெக் சாரும் விடவில்லை. தேவி ஓடி ஓடி மொழிபெயர்த்தாள்.

அந்தச் சண்டைக்கு நடுவில் எனக்குக் கடைசியாக வைத்திருந்த கிண்ணத்தைத் தொட்டேன். முழுக் கோதுமையை வேகவைத்து, அரைத்த கசகசா, தேன், பாதாம், திராட்சை போட்டது. அவர்கள் ஊரில் இந்த ஒரு நாளுக்கென்றே செய்வார்களாம். என் பாத்திரத்தில், என் அடுப்பில், கால் கழுவிக்கொண்டு வந்து அவர் கிண்டியது. கசகசாவைக் குருமாவுக்கு அரைத்திருக்கிறேன், பாயசத்தில் போட்டிருக்கிறேன். இப்படிக் கோதுமையோடு, ஒவ்வொரு பருக்கையும் பல்லில் நின்று நின்று தேனாக உடைகிற மாதிரி நான் சாப்பிட்டதில்லை. நாள் முழுக்கக் காய்ந்திருந்த வயிற்றுக்கு அது இதமாக இறங்கியது.

கிண்ணம் காலியாயிற்று. யாரும் என்னைப் பார்க்கவில்லை. இட்லிச் சண்டை இன்னும் தீரவில்லை. பானை மேஜையின் அந்தக் கோடியில் இருந்தது.

கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினேன்.

"சார், எனக்கு இன்னும் கொஞ்சம் போடுங்க."

என் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். மாரெக் சார் தேவிக்காகக் காத்திருக்கவில்லை. எழுந்து போய் பானையையே தூக்கிக்கொண்டு வந்தார்.